தின்னாத பிஸ்கட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி சொல்வாள். அந்த வருடம் அது இறங்கவே இல்லை.

மகளுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு முழங்கைகளிலும் முட்டிகளிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். அரைக்கைச் சீருடை என்பதால் எல்லோர் கண்ணிலும் படும். பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அம்மா, இடத்தை மாற்றச் சொன்னாளாம். உடம்புச் சூடு என்றார்கள், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கடைசியில் தோல் டாக்டர்தான் தோலில் துளி எடுத்துச் சோதித்துப் பார்த்துச் சொன்னார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவளுக்கு ஆகவில்லை, அதுதான் இப்படிக் கொப்புளமாக வருகிறது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் துளிகூடக் கூடாது. ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

வீட்டில் சமையல் என்னுடையது. மனைவி விடிந்ததும் ஆபீஸ் கிளம்பிவிடுவாள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அன்றைக்கே கோதுமை மாவையும் ரவையையும் வெளியே கொடுத்தேன். வாணலி, கரண்டி எல்லாம் புதிது வாங்கினேன். இட்லி, தோசை, சோறு, ராகி ரொட்டி, அவ்வளவுதான். பெங்களூர் தொம்மலூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் போவதற்குள் நான்கு பேக்கரி. நான்கையும் அவள் தலையைக் குனிந்துகொண்டு கடப்பாள்.

"ஒரு வாய் சாப்ட்டா என்ன ஆயிடும்? நாமெல்லாம் சாப்ட்டு வளரல?" என்றாள் என் அக்கா, போனில்.

"உன் புள்ளைய நாலு நாள் சொறிய விட்டுட்டு அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டேன்.

ஐந்து மாதமாகியும் ஆறவில்லை. ஒரு இடம் காய்ந்தால் பக்கத்திலேயே புதிதாகக் கிளம்பும். யாரோ எனக்குத் தெரியாமல் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பள்ளி விட்டதும் என் வேலை முடியும்வரை அவள் கீழ்வீட்டில், வீட்டுக்கார அம்மாவிடம் இருப்பாள். இறங்கிப் போய்க் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"தேவராணெ சார், சத்தியமா குடுக்கல. நீங்க சொன்னதுலேர்ந்து வேர்க்கடலதான் குடுக்குறேன்" என்று அவர் கன்னடம், தமிழ் இரண்டு பாஷையிலும் சத்தியம் செய்தார்.

"நீங்க இல்லன்னா வேற யாரு?" என்றேன். மறுநாளிலிருந்து அந்தக் கதவு சாத்தியே இருந்தது.

மிச்சம் மகள்தான்.

"ஸ்கூல்ல என்ன சாப்ட்ட?"

"நீ குடுத்த இட்லிதான்ப்பா."

"அப்புறம்?"

"ஒண்ணும் இல்லப்பா."

"பொய் சொல்லாத!"

மூன்று நாள் இதே கேள்வி, இதே பதில், இதே கத்தல். நான்காம் நாள் முழங்கையைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "ஒரு பிஸ்கட் தின்னேன்ப்பா."

நான் ஜெயித்துவிட்டேன். மனைவிக்குப் போன் போட்டு, "பாத்தியா, ஒத்துக்கிட்டா" என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. தண்டனையாக, தோழியின் பிறந்தநாளுக்கு அவளை அனுப்பவில்லை.

அடுத்த முறை வரும்போது, மூன்று நாள் சாப்பாட்டை, சமையலில் போடும் பொருள் ஒன்றுவிடாமல் எழுதி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். கொண்டுபோனதைப் படித்துவிட்டு ஒரே ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். பெருங்காயம்.

"அது மரத்துப் பிசின், டாக்டர்."

"வீட்டுக்குப் போய் டப்பாவத் திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். எறும்பு அளவு எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. பிசினோடு மாவைக் கலந்துதான் தூளாக்குவார்களாம். பிஸ்கட் பாக்கெட்டையும் சாஸ் பாட்டிலையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தவன், பெருங்காய டப்பாவை மட்டும் திருப்பவில்லை. அதை நம் வீடுகளில் யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? ரசத்தில், சாம்பாரில், சட்னித் தாளிப்பில், மோரில் என்று ஐந்து மாதமும் தினம் தினம் போட்டது நான். என் கையால் போட்டேன். ஒரு வாய் என்று சொன்ன அக்காவிடம் எரிந்து விழுந்த அதே நான்.

டப்பாவைச் சுவரில் ஓங்கி அடித்தேன். சத்தம் கேட்டு மகள் வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ பிஸ்கட் தின்னேன்னு ஏன் சொன்ன?"

"சொன்னா நீ கத்தறத நிறுத்துவேன்னுதான்ப்பா."

கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றார் வீட்டுக்கார அம்மா. கதவைப் பாதிதான் திறந்திருந்தார்.

நான்கு மாதத்தில் முழங்கை ஆறிவிட்டது. தழும்பு மட்டும் லேசாகத் தெரிகிறது. நேற்று சாயங்காலம் அவளுடைய தண்ணீர் பாட்டிலைக் காணோம் என்று கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து ஓடி வந்தவள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள்:

"நா ஒண்ணும் சாப்டலப்பா."