உலகம் பொய்யென்ற துரைக்கு மீனாம்பிகை சொன்ன பயன்

மீனாம்பிகைக்கு வாயடக்கம் இல்லை என்று யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் சொல்லாதவர்கள் குறைவு. முகத்துக்கு நேரே சொன்னவர்கள் அதிலும் குறைவு. மிஷன் பெண்கள் பாடசாலையில் பன்னிரண்டு வருடம் தற்காலிக ஆசிரியை. நெற்றியில் திருநீற்றோடுதான் வகுப்புக்குப் போவாள். 1935இல் ஒருவழியாக நிரந்தர நியமனப் பத்திரம் வந்தது. அதிபர் மிஸ் ஸ்ரெல்லாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த வேளை பார்த்து ஐரோப்பாவிலிருந்து ஒரு பேராசிரியத் துரை, இந்தியத் தத்துவம் பற்றிப் பேச வந்து சேர்ந்தார். ஊரவர்களுக்குத் தமிழில் சொல்ல மீனாம்பிகை.

"துரை சொல்லுறதை மட்டும் சொல்லும். உம்மடை சொந்தச் சரக்கு வேண்டாம்" என்றார் மிஸ் ஸ்ரெல்லா.

"ஓம் மிஸ்."

மண்டபம் நிறையக் கமக்காரர்கள், உழுது பிழைப்பவர்கள். ஒருவர் விளங்காததைச் சொல்ல, மற்றவர் அதை விளக்கினால் அவர்களுக்கு அது புராணப் படிப்புத்தான். கோயிலில் ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார், அதாவது பொருள் சொல்வார். கேட்பவர் தடை எழுப்பினால், பயன் சொன்னவர் பதில் தராமல் அடுத்த பாட்டுக்கு நகர முடியாது. அந்த இடத்தில் ஒரு பெண்ணை அவர்கள் ஒருநாளும் இருத்தியதில்லை. இன்றைக்கு அறியாமலே இருத்திவிட்டார்கள்.

துரை சொன்னார்: "இந்தியருக்கு உலகம் வெறும் தோற்றம். அதனால்தான் அவர்கள் அதைத் திருத்த முயன்றதே இல்லை." மீனாம்பிகை ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னாள்.

புகையிலைக்காரர் ஏரம்பு எழும்பிவிட்டார். "பிள்ளை, பொறு. காலமை தண்ணி இறைக்கத் துலா மிதிச்ச கால் இன்னும் நோகுது. கிணறும் பொய், காலும் பொய், நோவும் பொய் எண்டோ சொல்லுறாய்?"

மண்டபம் சிரித்தது. கேள்வி துரைக்கு இல்லை, அவளுக்கு. பயன் சொன்னவளைத்தானே கேட்க வேண்டும்! மிஸ் ஸ்ரெல்லா, மேலே போ என்று கையைக் காட்டினார். கையெழுத்தில்லாத அந்தப் பத்திரம் மீனாம்பிகையின் கண்ணுக்குள் வந்து நின்றது. பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஏரம்பண்ணை, அது துரையின்ரை சொல்லு. நான் ஒத்துக்கொள்ளேல்லை" என்றவள் துரை பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"ஐயா, உலகம் தோற்றம் என்றவர்கள் இந்தியாவில் உண்டு. அவர்களோடு தலைமுறை தலைமுறையாக வாதாடியவர்களும் உண்டு. இங்கே இருப்பவர்கள் அந்த இரண்டாவது கட்சி. எங்கள் சைவ சித்தாந்தத்தில் உலகம் மெய். உயிர் தன் அழுக்கைக் கழுவ இறைவன் தந்த இடம். வீட்டுச் சண்டையில் ஒருவர் பேச்சை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதலாமா? உலகம் நிழல் என்று சொன்ன கிரேக்கர் உங்கள் பக்கத்திலும் இருந்தாரே. அவரைக் காட்டி, ஐரோப்பாவில் ஒருவரும் வேலை செய்வதில்லை என்று நான் சொல்லட்டுமா?"

"நான் படித்த நூல்களில் அப்படி இல்லை" என்றார் துரை.

"அப்படியானால் நூல்கள் போதாது."

அத்தனையையும் அவள் தமிழிலும் சொன்னாள். ஏரம்பு திருப்தியாக உட்கார்ந்தார். துரை கடதாசிகளை மடித்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்றார்.

திங்கட்கிழமை மிஸ் ஸ்ரெல்லா அவளைக் கூப்பிட்டார். பொல்லாத மனுசி அல்ல, முகம் வாடியிருந்தது. "மொழிபெயர்ப்பிலை பிழை விட்டிட்டன், அதாலைதான் சனம் எதிர்த்தது எண்டு ரெண்டு வரி எழுதித் தாரும். துரைக்கு அனுப்பிப்போட்டு உம்மடை பத்திரத்திலை கையெழுத்து வைக்கிறன்."

மீனாம்பிகை நின்றபடியே இரண்டு வரி எழுதினாள். 'நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். நீங்கள் சொன்னதுதான் பிழை.'

மிஸ் ஸ்ரெல்லா வாசித்துவிட்டுக் கடதாசியை மேசையில் வைத்தார். "இதை அனுப்பினா வேலை போயிடும். அது உமக்குப் பெரிசாத் தெரியேல்லையோ?"

"தெரியுது மிஸ். எல்லாம் பொய்தானே எண்டு மனதைத் தேற்றிக்கொள்ள நான் அந்தக் கட்சி இல்லை. வேலை மெய், போனா நோகும். அனுப்புங்கோ."