உயரத்தில் நின்ற மைக்

ஊராட்சி அலுவலக வாசலில் இருந்த அந்த மைக் கம்பத்தின் திருகு துருப்பிடித்திருந்தது. நெட்டையான தலைவரின் வாய்க்கு அளவாக யாரோ ஒருமுறை முறுக்கி வைத்தார்கள். அதன் பிறகு அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கிராமசபையில் அதன் முன்னால் என் சின்னம்மா போய் நின்றது இன்றும் என் கண்ணிலேயே இருக்கிறது. அம்மாவின் தங்கை அவள். கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவள். நாலே முக்கால் அடி இருந்தால் அதிகம்.

அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் டவுன் பஸ் எங்கள் காலனியைத் தாண்டி ஊருக்குள் போய்த்தான் நிற்கும். அங்கே இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருட்டுவதற்குள் திரும்பி நடந்து வர வேண்டும். ஒருநாள் பைக்கில் இரண்டு பேர் என் பின்னாலேயே வந்தார்கள். அன்றைக்கே அப்பா என் பையைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். பஸ் காலனியில் நின்றால் படிப்பு, நிற்காவிட்டால் நானும் கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான். கிராமசபையில் கேட்கிறேன் என்று கிளம்பியவள் சின்னம்மா மட்டுமே.

எங்கள் தெருக்காரர்கள் அங்கே பேசுவதற்கு ஒரு முறை இருந்தது. கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், தலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை. எங்கள் கழுத்துக்கே அது தெரியும். சின்னம்மாவும் பழக்கத்தில் அப்படித்தான் நின்று பேசினாள். குரல் மைக்கை எட்டவில்லை. “இன்னா சொல்றா? ஒண்ணும் கேக்கல” என்று பின்னால் சிரித்தார்கள். மறுபடி பேசினாள், மறுபடி சிரிப்பு. மூன்றாம் முறை கட்டிய கையை அவிழ்த்துக் கம்பத்தைப் பிடித்தாள். குதிகாலைத் தூக்கினாள், முகவாயையும் தூக்கினாள். “பஸ்ஸு காலனியில நிக்கணுங்க.” ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கச் சொன்னது.

தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரிய நிலக்காரர் எழுந்துவிட்டார். “இன்னாம்மா, தலைய தூக்கிக்கினு பேசற? ஜாஸ்தியாயிடுச்சா?”

“மைக்கு ஒசரத்துல இருக்குதுங்க” என்றாள் சின்னம்மா. “நீங்க மைக்க எறக்குங்க, நான் தலைய எறக்கறேன்.”

அதுவும் ஒலிபெருக்கியில்தான் கேட்டது. இரண்டு பேர் ஓடிவந்து திருகோடு மல்லுக்கட்டினார்கள். அது அசையவில்லை. அவ்வளவு நேரமும் அவள் குதிகாலைக் கீழே வைக்காமல், பஸ்ஸில் போய்வரும் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் பெயர் என்னுடையது. வேறு வழியில்லாமல் தீர்மானம் எழுதினார்கள். அடுத்த மாதம் பஸ் எங்கள் காலனியில் நின்றது. அந்தப் பருவம் முழுக்கச் சின்னம்மாவை யாரும் கரும்பு வெட்டக் கூப்பிடவில்லை. திமிர் பிடித்தவளாம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அவளோ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நான் இப்போது தமிழாசிரியை. போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போனேன். மதிப்பெண் தாளில் உடல்மொழிக்கென்று பத்து மதிப்பெண் தனியாக இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண், குட்டையான பிள்ளை, கடைசியாகப் பேசினாள். அவளுக்கு முன்னால் பேசிய நெட்டைப் பையன் உயர்த்தி வைத்த மைக் அப்படியே இருந்தது. முகவாயைத் தூக்கி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் தடுக்காமல் பேசி முடித்தாள்.

பக்கத்து நடுவர் உடல்மொழிக்கு மூன்று போட்டார். “பேச்சு நல்லாத்தான் இருக்குதுங்க மேடம். ஆனா பாருங்க, கொஞ்சம் திமிரு.”

நான் பத்து போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிடும்போல இருந்தது.

“பத்தா? எதுக்குங்க?”

கையைக் கட்டாமல், தலையைத் தாழ்த்தாமல் அவரைப் பார்த்தேன்.

“மைக்கு ஒசரத்துல இருக்குதுங்க” என்றேன். “வேணும்னா நீங்க போயி எறக்குங்க.”