இராயபுரத்தில் என்னைத் தேடியவள்

போன வாரம் இரத்தப் பரிசோதனைக்காக ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரரின் மடியில் செய்தித்தாளில் சுற்றிய கருவாட்டுப் பொட்டலம். ஏசி அறையில் வாசனை மெல்லப் பரவ, ஆளாளுக்கு முகம் சுளித்தார்கள். நான் மட்டும் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். சைவக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். என்ன செய்ய, அந்த வாசனை என்னை நேராக இராயபுரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அறுபதுகளின் பிற்பகுதி. தாராபுரம் பக்கத்திலிருந்து வந்து, துறைமுகத்தை ஒட்டி, கப்பல் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். அதுவரை நான் பார்த்திருந்த பெரிய தண்ணீர் அமராவதி ஆறுதான். மாடி ஜன்னலோரம் என் மேஜை. கீழே கூட்ஸ் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம், மூட்டை தூக்குகிறவர்களின் கூப்பாடு, எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு கப்பலின் சங்கு. அது ஊதினால் என் விரல்கள் தாமாக நின்றுவிடும். “கப்பல் உங்களையா கூப்பிடுது?” என்பார் மானேஜர். காற்றில் நிலக்கரித் தூள் வந்து படிந்தபடியே இருக்கும். காலையில் வெள்ளைச் சட்டையில் போகிறவன், மாலையில் சாம்பல் சட்டையில் திரும்புவேன்.

சத்தத்துக்குக் குறைவில்லை, பேசத்தான் ஆளில்லை. ஆபீஸில் எல்லோரும் குடும்பஸ்தர்கள். வேலை முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். நான் இருந்தது மாதா கோயில் பக்கத்துச் சந்தில், ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் வீட்டின் பின்பக்க அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது சாயும்வரை வாயைத் திறக்க ஒரு காரணமும் வராது. கையில் வாட்ச் கட்டிக்கொண்டே கடற்கரையில் யாரிடமாவது போய் மணி கேட்பேன். என் குரல் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான். சிரிக்காதீர்கள்.

சந்து முனையில் தெய்வானை மீன் விற்பாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அகலமான முகம், அதைவிட அகலமான குரல். நான் தினமும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைக் கடப்பேன்.

“இன்னா நைனா, மூக்கப் பொத்திக்கினு ஓட்ற? மீனு இன்னா உன்னிய கடிச்சிடுமா?”

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் காது சிவந்துவிடும். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த ஊரில் வேலைக்காக இல்லாமல் என்னிடம் தானாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். ஒருநாள் அவள் வரவில்லையென்றால் எனக்கு அன்றைய பொழுது சப்பென்று போகும்.

அந்த ஆண்டு, வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருந்த சமயம், எனக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் கஷாயம் வாங்கிக் குடித்தேன். பிறகு எழுந்து போய் வாங்கத் தெம்பில்லை. பானைத் தண்ணீர் தீர்ந்தது. தெருவில் ஐஸ்காரர் மணி கேட்கும், கூப்பிட வாய் எடுப்பேன், சத்தம் வராது. நான் ஊருக்குப் போயிருப்பேன் என்று ஆபீஸில் நினைத்துக்கொண்டார்களாம். சங்கு ஊதுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இங்கேயே போய்விட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நினைவில்லை.

மீதியெல்லாம் தெய்வானை பிற்பாடு என்னைக் கேலி செய்து செய்து சொன்னவை. சில நாளாக நான் அவளைக் கடந்து போகாததைக் கவனித்து, “அந்தக் கர்சீப்பு நைனா எந்த வூடு?” என்று சந்து முழுக்க விசாரித்திருக்கிறாள். தாழ்ப்பாளை நெம்பித் திறந்து, கை ரிக்‌ஷாவில் என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள்.

“நீங்க யாரும்மா இவருக்கு?” என்று கேட்டாள் நர்ஸ்.

“எந் தம்பி.”

நானோ ஜுரவேகத்தில், “ஏனுங்க, மாட்டப் புடிச்சுக் கட்டோணுங்க, மழை வருதுங்க” என்று எங்கள் ஊர்ப் பேச்சில் பிதற்றிக்கொண்டிருந்தேனாம்.

“உங்க தம்பியா? பேச்சு வேற மாதிரி இருக்கே?”

“ஜொரம்மா, ஒளர்றான். மொதல்ல ஊசியப் போடு.”

கண் விழித்தபோது என் மேல் மீன் வாசனை அடித்தது. மூக்கைப் பொத்தக் கை வரவில்லை. வந்திருந்தாலும் பொத்தியிருக்க மாட்டேன். தினமும் வியாபாரம் முடித்து, தூக்கில் கஞ்சி கொண்டுவருவாள். “எங்க வூட்டு சட்டில மீனு வாட போவாது. அதான் ஐயரு காப்பி கிளப்புல வாங்கியாந்தேன். குடி” என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுததை அவள் பார்த்திருப்பாள்.

உடம்பு தேறியதும் காசிமேட்டுப் பக்கம் அவள் வீட்டுக்குப் போனேன். கடலைப் பார்த்த ஓலைக் குடிசை வரிசை. “உங்க சட்டிச் சோறே போடுங்க அக்கா” என்றேன். “ஆகாது நைனா, வவுறு பேஜாராப் பூடும்” என்று மறுத்தாள். நான் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் குழம்பை மட்டும் ஊற்றி, மீன் துண்டைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் கோயம்புத்தூரில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். இரண்டொரு முறை அவளைப் பார்க்க வர நினைத்தது நினைப்போடு நின்றது. பல வருஷம் கழித்து இராயபுரம் போனபோது, கை ரிக்‌ஷா இல்லை. எங்கள் ஆபீஸ் இருந்த கட்டடம் இல்லை. சந்து முனையில் பிளாஸ்டிக் குடம் விற்றார்கள். காசிமேட்டில் கடலோரம் முழுக்கப் பாறாங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். கடல் உள்ளே வந்துவிட்டதாம். குடிசைக்காரர்கள் எண்ணூர், கொடுங்கையூர் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்களாம்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், “இங்க ஓலைக் குடிசை வரிசையில, மீன் வித்த தெய்வானை வீடு எங்க இருந்துச்சுங்க?” என்றேன்.

“அந்த வரிசையா?” என்று எழுந்து, பாறைக்கு அப்பால் கையை நீட்டினார். கரையிலிருந்து வெகு தூரத்தில் ஒரு கட்டுமரம் ஆடிக்கொண்டிருந்தது.

“அதோ, அந்தக் கட்டுமரம் நிக்குதே, அங்கதான் வாசலு.”