யார் பெயரில் விழுந்த மான்: ரேஞ்சர் சிங்காரவேலு நினைவாக

மருத்துவக் கல்லூரியில் கண் பரிசோதனைக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் சிங்காரவேலு சாரின் மகள் போன் செய்தாள். "அத்தை, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. தூக்கத்திலா, அந்த மனிதரா என்றுதான் தோன்றியது. நான் அறிந்து அவர் ஒழுங்காகத் தூங்கியதே இல்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள், பிறகு அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவரோடு அந்தக் கடலோர வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் வேலை பார்த்தவர்களில் நாம் சிலர்தான் மிச்சம். அவர் ரேஞ்சர், நான் டைப்பிஸ்ட். நம் தஞ்சாவூர் ஜில்லா இப்போதுபோல் துண்டு துண்டாகப் பிரியாத காலம். ஆற்றுத் தண்ணீர் வந்து தீர்ந்துபோகிற கடைமடை, அதைத் தாண்டினால் உப்பளம், அதற்கப்பால் புதர்க்காடு. அந்தக் காட்டில் வெளிமான்கள் மேய்ந்தன. அவற்றைச் சுடுவதற்கு அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. கொடுத்தது. அந்த லைசென்ஸ்களை டைப் அடித்த கை என்னுடையது.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் சிங்காரவேலு சாரைப் பற்றிப் பேச முடியாது. எங்கள் காட்டில் மூன்று பிளாக். வடக்குப் பிளாக்கில் தை பிறந்த பிறகு ஒரு லைசென்ஸுக்கு ஒரு மான், அதுவும் கொம்புள்ள ஆண் மட்டும். நடுப் பிளாக்கில் காட்டு வாத்து, உள்ளான் போன்ற பறவைகள் மட்டும். தெற்குப் பிளாக்கில் எதையும் தொடக் கூடாது. சுட்டவர் மறுநாள் பொழுது சாய்வதற்குள் மான் தலையை ஆபீஸுக்குக் கொண்டுவர வேண்டும். கொம்பில் கம்பியைக் கோத்து ஈய முத்திரை அடித்துக் கொடுப்போம். முத்திரை இல்லாத கொம்பு யார் வீட்டுச் சுவரில் இருந்தாலும் அது திருட்டுக் கொம்பு.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று பிளாக்குக்கும் நடுவே வேலி கிடையாது. ஓர் ஓடை, ஒரு பழைய உப்பு ரோடு, அவ்வளவுதான் எல்லை. வருகிற ஒவ்வொருவரையும் சார் வரைபடத்தின் முன் நிறுத்தி, விரல் வைத்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுவார். "மானுக்கு எல்லை தெரியாது. சுடுறவருக்குத் தெரியணும்" என்பார். கும்பகோணத்து வக்கீல் ஒருவர், போன வருஷம் நான் சுடவே இல்லை, இந்த வருஷம் இரண்டாகச் சேர்த்துச் சுட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். சார் சிரிக்காமல், "போன வருஷம் சாப்புடாத சோத்தையும் இந்த வருஷம் சேத்துச் சாப்புடுவீங்களா?" என்று கேட்டார். வக்கீல் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேலதிகாரிக்குப் புகார் எழுதுவாரோ என்று சார் ஒரு வாரம் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அப்படி ஒரு பயந்த மனிதர். ஆபீஸைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். லைசென்ஸில் 'ஆண்' என்று அடித்தீர்களா அம்மா என்று என்னைக் கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பார். எனக்கு அப்போது சின்ன வயது, வாய் கொஞ்சம் நீளம். "சார், இது மான் லைசென்ஸ்தான், தூக்குத் தண்டனை இல்ல" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "யாருக்குன்னு தெரியலையேம்மா" என்றார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

நில உச்சவரம்பைக் குறைத்து சர்க்கார் சட்டம் போட்டிருந்த சமயம் அது. மிராசுதார்கள் நிலத்தைப் பிரித்து எழுதினார்கள். கொழுந்தியாள், மாப்பிள்ளை, சமையல்காரர், மாட்டுக்காரர் என்று பெயர்கள் பெருகின. உழுவதும் அறுப்பதும் களஞ்சியத்தில் கொட்டுவதும் பழைய ஆட்கள்தான். எங்கள் ரேஞ்சை ஒட்டிய ஊரில் ஒரு மிராசுதார் இருந்தார், பெயர் வேண்டாம். துப்பாக்கிப் பிரியர். ஆளுக்கு ஒரு மான்தான் என்று சார் சொன்னதும், நிலத்துக்குச் செய்ததையே மானுக்கும் செய்தார். தம் பெயரில் ஒன்று, பண்ணையாட்கள் பெயரில் நான்கு என்று லைசென்ஸ் கேட்டு, ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வரிசையாகக் கைநாட்டு வைக்கச் செய்தார். துப்பாக்கி தூக்கும் காவல் ஆட்கள் என்று அவருடைய துப்பாக்கி உரிமத்திலேயே அவர்கள் பெயர்களும் இருந்தன. மறுக்க வழியில்லை. அன்று மாலை சார் என் மேஜை அருகே வந்து நின்றார். "சட்டப்படி குடுக்காம இருக்க முடியாதும்மா. குடுத்தாலும் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நான்கு பேரில் ஒருவர் காத்தமுத்து. கைநாட்டு வைத்துவிட்டுப் போன பிறகு அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். தை அறுவடையில் கலத்துக்கு இவ்வளவு நெல் கூலி என்று சங்கம் கேட்க, மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்குவேன் என்றார். கூலி கேட்டவர்களின் குடிசைகளுக்கு வேறோர் ஊரில் என்ன நேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஊருக்குள் போலீஸ் லாரி நின்றது. யாரைப் பிடிக்கலாம், என்ன சொல்லிப் பிடிக்கலாம் என்று காத்திருந்த நாட்கள். நான் பஸ்ஸில் வரும்போது வயல் பக்கம் பார்க்கவே பயப்படுவேன். முற்றிய கதிர் அறுப்பவர் இல்லாமல் சாய்ந்து கிடந்தது.

அந்த வாரம் ஒரு காலையில் எங்கள் வனக்காவலர் உப்பு ரோட்டில் ஒரு டிராக்டரை மறித்தார். வைக்கோலுக்கு அடியில் இரண்டு மான்கள். ஒன்று பெட்டை. சுட்ட இடம் தெற்குப் பிளாக், ரத்தத் தடம் அங்கிருந்துதான் வந்தது. டிராக்டர் மிராசுதாருடையது. வெயில் ஏறுவதற்குள் ஆபீஸ் வாசலில் ஜீப் வந்து நின்றது. மிராசுதாரும் அவருடைய காரியஸ்தரும் இறங்கினார்கள். பின்னாலேயே சப் இன்ஸ்பெக்டர், அவரோடு காத்தமுத்து. வராந்தாவில் தரையில் உட்காரவைத்தார்கள். சற்று நேரத்தில் சங்கத்து ஆட்கள் செங்கொடியோடு வந்து ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றார்கள். பெண்கள் கையில் கதிர் அரிவாள் இருந்தது. அறுவடைக் காலத்தில் அது யார் கையிலும் இருக்கும், ஆனால் அன்றைக்கு நான் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காரியஸ்தர்தான் பேசினார். லைசென்ஸ் காத்தமுத்து பெயரில், துப்பாக்கி உரிமத்திலும் அவன் பெயர், அய்யாவுக்குத் தெரியாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார். தாள் எல்லாம் சரியாக இருந்தது. நானே அடித்த தாள். சார் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், காத்தமுத்து சிறைக்குப் போவார். எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் ரோட்டைத் தாண்டுவார்கள். ஊருக்குள் போலீஸ் லாரி அதற்காகத்தான் நின்றது. சார் பேனாவை எடுத்துத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அதைப் பார்த்து மிராசுதார் புன்னகை செய்தார்.

சார் விதியைத்தான் கேட்டார். வேறெதுவும் அவருக்குக் கேட்கத் தெரியாது. வடக்குப் பிளாக்கில் சுட லைசென்ஸ் இருக்கும்போது எதற்குத் தெற்கே போக வேண்டும் என்றார். காரியஸ்தர் அதற்கும் பதில் வைத்திருந்தார். "அவன் வயல் தெக்கு பிளாக்க ஒட்டி இருக்குங்க. மான் வந்து மேஞ்சு பாழாக்கிடுச்சு. அந்தக் கோவத்துல பூந்து சுட்டுட்டான்" என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை. காரணம் இல்லாத குற்றத்துக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்ட பெருமை.

"அவர் வயலா?" என்றார் சார். காத்தமுத்துவை அவர் என்று சொன்னதற்கே காரியஸ்தர் முகம் சுளித்தார். ஆமாம், மூன்று ஏக்கர், பட்டாவே அவன் பெயரில் இருக்கிறது, தாலுகா ஆபீஸில் கேட்டுப் பாருங்கள் என்றார்.

சார் தண்ணீர் கேட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், பாதி அவர் சட்டையில் சிந்தியது. பிறகு மிராசுதாரைப் பார்த்துப் பேசினார். 

"அப்ப இப்படி எழுதிக்கிறேங்க. காத்தமுத்துங்கிறவர் மூணு ஏக்கருக்குச் சொந்தக்காரர். அந்த நெலம் அவரே வச்சு அனுபவிக்கிறது. தன் பயிரக் காப்பாத்த, தன் லைசென்ஸ்ல சுட்டுட்டார். இத நீங்க நேர்ல வந்து சொன்னதா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கலெக்டருக்கும் ஒரு காப்பி போகும்."

 மிராசுதார் காரியஸ்தரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த வாக்குமூலத்தில் அவர் கையெழுத்து விழுந்தால் மூன்று ஏக்கர் அன்றே கைவிட்டுப் போகும், அது மாதிரிப் பெயர்களில் எழுதிவைத்த மீதி நிலமும் பின்னாலேயே போகும். வராந்தாவில் உட்கார்ந்திருந்த காத்தமுத்து அப்போது தலையை நிமிர்த்தினார். "மூணு ஏக்கரா?" என்று கேட்டார். எதற்கு என்று தெரியாமல் என்றோ வைத்த கைநாட்டு அது. தமக்கு நிலம் இருப்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. 

"சுட்டது நான்தான். எழுதிக்குங்க" என்றார் மிராசுதார்.

அவர் அபராதம் கட்டினார், துப்பாக்கி பறிமுதலானது. காத்தமுத்து எழுந்து ரோட்டைத் தாண்டித் தம் ஆட்களிடம் போய்ச் சேர்ந்தார். ஜீப் போன பிறகு சார் அந்த வாக்குமூலத்தை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி மறுபடி படித்தார். அந்த அறுவடை, கேட்ட கூலிக்குக் கொஞ்சம் குறைவாக, ஆனால் ரத்தம் சிந்தாமல் முடிந்தது. அடுத்த மாதமே அந்த மூன்று ஏக்கர் மிராசுதாரின் கொழுந்தியாள் பெயருக்கு மாறிவிட்டது. அதற்கும் காத்தமுத்துவின் கைநாட்டைச் சங்கத்துக்குத் தெரியாமல் மிரட்டி வாங்கியதாகச் சொன்னார்கள்.

நாம் எல்லோரும் சாரைப் பாராட்டினோம், நினைவிருக்கிறதா? அவர் ஒருவர்தான் பாராட்டை வாங்கிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. தாம் கேட்ட கேள்வியால்தான் மிராசுதார் விழித்துக்கொண்டார், கேட்காமல் இருந்திருந்தால் அந்த நிலம் ஒருநாள் காத்தமுத்துவுக்கு வந்திருக்குமோ என்று. ஓய்வு பெற்ற பிறகும் போன் செய்வார். பேரப்பிள்ளைகளை விசாரித்துவிட்டு, "அம்மா, ஜெயிலுக்குப் போயிருந்தாலும் ரெண்டு வருஷத்துல வந்திருப்பார். நெலம் நின்னுருக்குமே?" என்பார். வேண்டிய மட்டும் திட்டியிருக்கிறேன். அன்றைக்குச் சங்கத்து ஆட்கள் ரோட்டைத் தாண்டியிருந்தால் எத்தனை பிணம் விழுந்திருக்கும் என்று கேட்டிருக்கிறேன். அது தெரியும் என்பார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

கடைசியில் நான்தான் பொறுக்க முடியாமல் அவரைக் காத்தமுத்துவிடம் அழைத்துப் போனேன். காத்தமுத்து தளர்ந்திருந்தார். மகள் திருவாரூரில் ஆசிரியை, வீடு அவள் கட்டிக்கொடுத்தது. சார் உட்காராமலே கேட்டுவிட்டார், என் மேல் வருத்தமா என்று.  பெரிய மனதோடு ஏதாவது சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"கோவம் இருந்துச்சுங்க. இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றார். "ஒரு நிமிஷம் எனக்கு நெலம் இருந்துச்சு. நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. நீங்க சொல்லித்தான் போச்சு. உங்களால அன்னிக்கி வீட்டுக்கு வந்தேன், அதயும் மறக்கல. ரெண்டுந்தான் இருக்கு. உக்காருங்க, சாப்புட்டுப் போவலாம்."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சார் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

அந்த வழக்குக்குப் பிறகு எங்கள் ஆபீஸில் யார் கைநாட்டு வைக்க வந்தாலும், தாளில் என்ன இருக்கிறது என்று முழுக்க வாசித்துக் காட்டாமல் மை தொடவிடக் கூடாது என்று சார் உத்தரவு போட்டார். வாசிப்பவள் நான். மான் லைசென்ஸ் ஒழிந்து, காடு முழுவதும் சுடக் கூடாத காடாகி, நான் ஓய்வும் பெற்றுவிட்டேன், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. வங்கியிலோ ரேஷன் கடையிலோ யாராவது கட்டை விரலை நீட்டினால் என்னால் சும்மா நிற்க முடிவதில்லை. தாளை வாங்கி வாசித்துவிடுகிறேன். வரிசையில் நிற்பவர்கள் திட்டுகிறார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.

சாருக்குக் கருமாதிக் காரியம் முடிந்த மறுநாள், குடும்ப பென்ஷனுக்காக ஒரு மனுவில் அவர் மனைவியிடம் கையெழுத்து வாங்க வந்தார்கள். அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். நான் தாளைக் கையில் எடுத்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 'இறந்துபோன என் கணவர்' என்பதிலிருந்து தொடங்கி, ஒரு வரி விடாமல் கடைசிவரை வாசித்தேன். அதன் பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.