பச்சை ஜாடியில் தெரிந்தவள்

நான் திருவண்ணாமலையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கரண்ட் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் டெஸ்டர் வைத்தால் எரியும். அப்படி எரியாத எதையும் நான் நம்பியதில்லை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் எங்களுக்குப் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கப்புறம் என் மனைவி மல்லிகா பேசுவதுமில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை. கீழ்பென்னாத்தூரில் இடிக்கப்போகிற ஒரு பழைய வீட்டுக்கு ஒயரிங் கழற்றப் போனபோது, தனியாக விடப் பயந்து அவளையும் கூட்டிப்போனேன். அங்கே ஒரு மூலையில் இடுப்புயர ஜாடி. சுட்ட மண்தான், மேலே கண்ணாடி மாதிரி பச்சை மெருகு. மல்லிகா முந்தானையால் அதைத் துடைத்தாள்.

"ஏங்க, இத்த நம்ம ஊட்டுக்கு எடுத்துனு போலாமா?"

பல மாதங்களில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். ஹாலில் வைத்தோம். அதற்குப் பொருத்தமாகச் சுவருக்கு வெள்ளையடித்தாள், எங்கெங்கோ தேடி அதே மெருகில் சின்ன ஜாடிகள் வாங்கி ஜன்னலோரம் அடுக்கினாள், ஒன்றில் நாணல் பூ வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவும் ஆரம்பித்தாள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தேன். மழை விட்டு மலைப் பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. மல்லிகா ஜாடிக்கு எதிரே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஜாடியின் வயிற்றில் ஹால் முழுக்கத் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல வளைந்து தெரிந்தது. அதில் அவளும் தெரிந்தாள், அவள் மடியில் ஒரு குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன், மடியில் வெறும் புடவை. மறுபடி ஜாடியைப் பார்த்தால் அந்தக் கால் ஆடுகிறது.

மல்லிகா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அந்த ஜன்னல சாத்துங்க, கொழந்த மூஞ்சில வெயில் அடிக்குது."

நம்பினால் நம்புங்கள், நான் போய்ச் சாத்தினேன். திரும்பியபோது ஜாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். கேட்டால் மறுபடி சாப்பாட்டை விட்டுவிடுவாளோ என்று எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, போன மாதம்தான் அன்று ஜாடியில் பார்த்ததை அவளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவே இல்லை.

"அன்னிக்கு மட்டுந்தான் பார்த்தீங்களா?" என்றாள். "இப்ப என் தோளு ஒசரம் வந்துட்டா."

தினமும் ஜாடியைப் பார்க்கிறேன், என் முகம்தான் தெரிகிறது. சாயங்காலத்தில் மல்லிகா அதன் எதிரே டீ குடிக்க உட்காரும்போது, வலப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறாள். அது எனக்கு விட்ட இடம் என்று நினைத்து, இத்தனை வருஷமும் நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன்.