ஃபிர்தௌஸ் போட்ட கொக்கி

ஓட்டல் அறைகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் துணிக்குடை மாட்டிய விளக்கு ஒன்று மங்கலாக எரியுமே, அந்தத் துணியை உரித்துப் பார்த்தால் உள்ளே கம்பிக் கூடு ஒன்று இருக்கும். மேலே சின்ன வளையம், கீழே பெரிய வளையம், இரண்டையும் பிடித்து நிறுத்தும் நேர்க் கம்பிகள். அவ்வளவுதான் சமாச்சாரம். இதற்கு என்ன பெரிய வித்தை வேண்டிக் கிடக்கிறது என்று கேட்கிறவர்கள் தண்டையார்பேட்டைக்கு வந்து, சௌக்கத் அலி பாயின் பட்டறையில் ஒரு பகல் உட்கார்ந்து பார்க்கட்டும். சாயங்காலம் அவர்களாகவே எழுந்து கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தப் பட்டறையில் ஃபிர்தௌஸ் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணமாகவில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பத்தாவதில் கணக்கு அவளைக் கவிழ்த்துவிட, அம்மா தையல் கற்றுக்கொள்ளச் சொன்னாள். இவள் கம்பி வளைக்கப் போனாள். பெண் பார்க்க வந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு பட்டறைப் பக்கம் போகக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். "அப்பிடின்னா வேற எடம் பாரும்மா" என்று, அவர்கள் காதில் விழும்படியே அம்மாவிடம் சொன்னாள். எழுந்து போனவர்கள் ரம்ஜான் முடிந்ததும் திரும்பி வந்து, வேலைக்குப் போனால் போகட்டும் என்றார்கள். மாப்பிள்ளை உபைதுல்லாதான் பிடிவாதம் பிடித்தானாம். அவன் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். எண்ணூர் சாலையில் துறைமுக வாசலுக்கு முன்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது, டீ குடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கப் பழகியவன். அந்தப் பொறுமை ஃபிர்தௌஸோடு குடும்பம் நடத்தவும் கைகொடுத்தது.

கம்பியோடு கம்பியைச் சேர்ப்பதுதான் அவள் வேலை. சேர வேண்டிய இடத்தில் குச்சியால் ஆசிட் தொட்டு வைத்து, பழுக்கச் சூடேறிய சால்டரிங் கம்பியால் ஈயத்தை உருக்கி விட வேண்டும். சுர்ரென்று வெள்ளைப் புகை கிளம்பி நேராக மூக்குக்கு வரும். ஈயம் ஆறியதும் மிச்ச ஆசிட் போகக் கூட்டைக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்துப் பெயிண்ட் அடிப்பார்கள். இதே வேலையை இவளுக்கு முன்னாலிருந்தே செய்துவந்தவள் லூர்து. ராயபுரத்துக்காரி, ஐம்பதைத் தாண்டியவள். அவள் வைக்கும் ஈயம் மிளகுக்கு மேல் பெரிதாக இருக்காது, துணியில் இடறாது. பட்டறையில் அவளுக்கு என்று ஒரு மரியாதை உண்டு. அது தனக்கு உண்டு என்பது லூர்துக்கும் நன்றாகவே தெரியும்.

போன வருஷம் ஃபிர்தௌஸுக்கு இழுப்பு வந்தது. முதலில் பனியென்றாள், பிறகு தூசியென்றாள். ஒரு நாள் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கவே மூச்சு வாங்கி, மூடிய கடையின் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள்.

"அந்தப் புகையை விட்டுடுங்கம்மா. இல்லன்னா இழுப்பு உங்களை விடாது."

வீட்டில் உபைதுல்லாவும் அதையே பிடித்துக்கொண்டான். "உட்டுட்டு வூட்ல குந்து. நான் கொண்டாரது பத்தலயா?"

"பத்துது. ஆனா வூட்ல சும்மா குந்திகினு இருந்தா எனக்கு அதுலயே மூச்சு முட்டும். டாக்டரம்மா பொகையதான் உட சொல்லிச்சி. வேலைய உட சொல்லல."

டாக்டரம்மா என்ன நினைத்துச் சொன்னாரோ, ஃபிர்தௌஸ் அதை இப்படித்தான் எடுத்துக்கொண்டாள். புகை போக வேண்டும், வேலை இருக்க வேண்டும். எனவே நெருப்பு இல்லாமல் கம்பியைச் சேர்க்க ஒரு வழி வேண்டும். பட்டறையில் இருபது வருஷமாக யாரும் கேட்காத கேள்வியை அவள் மறுநாள் காலையிலேயே கையில் எடுத்துவிட்டாள்.

முதலில் தோன்றியது வாளிப்பிடி. வாளியின் காதில் கம்பியை வளைத்துக் கொக்கி போட்டிருப்பார்களே, அதே மாதிரி நேர்க் கம்பியின் நுனியை வளையத்தின் மேல் கொக்கியாக மடித்துக் குறட்டால் இறுக்கினாள். ஒரு கூடு முடிந்தது. இழுத்துப் பார்த்தாள், கழலவில்லை. பாயிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

சௌக்கத் அலி பாயிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புது மாதிரியாக இருந்தாலும் மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், "ஏய், நவுரு நவுரு!" என்று கத்திவிட்டுச் சந்தில் வீசுவார். விழுந்து எழுந்து நேராக நின்றால்தான் அவர் கணக்கில் அது கூடு. சந்தில் இருப்பவர்களுக்கும் இது பழகிப்போய், குரல் கேட்டதும் சைக்கிளையும் பிள்ளைகளையும் ஓரமாக இழுத்துக்கொள்வார்கள்.

பாய் வீசினார். கீழே போய்ப் பார்த்தால் ஒரு கொக்கிகூடக் கழலவில்லை. ஆனால் எல்லாக் கம்பிகளும் வளையத்தின் மேல் வழுக்கி ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. வாளிப்பிடி ஆடத்தானே செய்யும், அதன் வேலையே ஆடுவதுதான். அதை ஃபிர்தௌஸ் யோசிக்கவில்லை.

"இன்னாடி இது, தண்ணி போட்டவன் மாதிரி சாஞ்சிகினு கீது?" என்று லூர்து வாய்விட்டுச் சிரித்தாள்.

ஃபிர்தௌஸுக்கு முகம் சிவந்தது. சாய்ந்த கூட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அவளை அறியாதவர்கள்.

அதற்குப் பிறகு கொக்கியை இரண்டு சுற்றுச் சுற்றினாள், வழுக்கியது. வளையத்தில் அரத்தால் கீறல் போட்டாள், கீறின இடத்தில் கம்பி முறிந்தது. பசை வைத்தாள், வீசியதும் விட்டுக்கொண்டது. பாய் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வீசினார். "உனுக்காக நான் மாடி ஏறி ஏறியே எலச்சிடுவேன் போல" என்றார். ஆனால் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொல்லவில்லை.

விடை ஒரு தப்பில்தான் வந்தது. வளையத்தை வைஸ் என்னும் இரும்புப் பிடிப்பானில் வைத்து இறுக்கும்போது யாரோ கூப்பிட, திரும்பிப் பேசிக்கொண்டே இன்னும் இரண்டு சுற்று இறுக்கிவிட்டாள். எடுத்துப் பார்த்தால் உருண்டைக் கம்பி அந்த இடத்தில் மட்டும் சப்பட்டையாக நசுங்கியிருந்தது. கெட்டுப்போன வளையம்தானே என்று, பழகிக்கொள்ள அதிலேயே ஒரு கொக்கி போட்டு இறுக்கினாள். திருப்பினாள், திரும்பவில்லை. தள்ளினாள், நகரவில்லை. சப்பட்டையான இடத்தைக் கவ்விய கொக்கியால் சுற்ற முடியாது. இரண்டு பக்கமும் கம்பி உருண்டையாகத் தடித்து நிற்பதால் தாண்டிப் போகவும் முடியாது. அவள் வளையத்தை இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுத்தியலை எடுத்து, சேர வேண்டிய இடத்திலெல்லாம் ஒவ்வொரு தட்டு தட்டினாள். கொக்கியின் நுனி துணியைக் கிழிக்காதபடி உள்பக்கம் பார்க்க மடித்தாள்.

பாய் அந்தக் கூட்டை வீசினார். அது சந்தில் குதித்து, ஒரு வீட்டுச் சுவரில் மோதி, உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. ஃபிர்தௌஸ் ஓடிப்போய் எடுத்துத் தரையில் வைத்தாள். நேராக நின்றது.

"மெய்யாலுமே நிக்குதே!" என்றார் பாய் மாடியிலிருந்தே.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். முடியவில்லை. ஃபிர்தௌஸ் நெருப்பைத் தொடாமல் கொக்கிக் கூடு செய்தாள். ஆனால் பட்டறை ஒரே அறை. கைநீட்டும் தூரத்தில் லூர்து வழக்கம்போல ஈயம் உருக்கினாள். புகைக்கு யாருடைய மூக்கு என்று பார்த்துப் போகத் தெரியுமா? இழுப்பு இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

"எல்லாத்துக்கும் கொக்கியே போட்டுடலாம் பாய்" என்றாள் ஃபிர்தௌஸ்.

பாய் தாடியைச் சொறிந்தார். "லூர்து இந்தப் பட்டற ஆரம்பிச்ச நாளுலேர்ந்து என்னாண்ட கீது. அதுங் கையில கீற தொழில நிறுத்துனு என் வாயால சொல்ல மாட்டேன். அதுவா ஒத்துகினா சரி. வேணும்னா நீ கம்பிய வூட்டுக்கு எடுத்துகினு போய் செய்யி."

"நான் இன்னாத்துக்கு போவணும்? போவ வேண்டியது பொக."

லூர்திடமே நேராகக் கேட்டாள். லூர்து சால்டரிங் கம்பியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். "கையில சுத்தி இருந்தா கொரங்குகூட தட்டும்டி. இது கைவேல. இத்த உட்டுட்டு உங்கிட்ட நான் கொக்கி மாட்ட கத்துக்கணுமா?"

அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தனை வருஷம் அவளை அவளாக நிறுத்தியது அந்த மிளகளவு ஈயம்தான். ஃபிர்தௌஸுக்கும் அது புரிந்தது. புரிந்தது என்பதற்காக மூச்சு சும்மா வந்துவிடுமா? தினமும் காலையில் வந்து ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தாள், முக்காட்டு முனையை மூக்கில் சுற்றிக்கொண்டாள், கொக்கி மடித்தாள். "போய்டுவேன்னு மட்டும் நெனைக்காத லூர்துக்கா" என்று சொல்லிவிட்டே தினமும் வேலையை ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு பெரிய ஓட்டலுக்கு வெள்ளைத் துணிக்குடை கேட்டு வேலை வந்தது. பாதிக் கூடு லூர்து, பாதி ஃபிர்தௌஸ். அனுப்பி மழைக்காலம் தாண்டுவதற்குள், ஒரு நாள் மத்தியானம் மினி லாரியில் பெட்டிகள் திரும்பி வந்து இறங்கின. வெள்ளைத் துணியில் கம்பி சேரும் இடங்களில் எல்லாம் பழுப்பான துருக் கறை. பாய் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கறை பட்டதெல்லாம் ஈயம் வைத்த கூடு. கொக்கிக் கூட்டில் ஒரு பொட்டுக்கூட இல்லை. இதுவரை கல்யாண மண்டபங்களுக்குக் கருஞ்சிவப்புத் துணியே போட்டு வந்ததால், இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

லூர்து ஒரு கூட்டை மடியில் வைத்துக்கொண்டு தன் ஈயத்தை நகத்தால் சுரண்டினாள். "என் கை போச்சி போல பாய்" என்றாள். பட்டறையில் அவள் குரல் அவ்வளவு சின்னதாக அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஃபிர்தௌஸ் அந்த நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் கேட்டதெல்லாம் தானாகவே மடியில் வந்து விழுந்திருக்கும். நீங்களும் நானும் மூடியிருப்போம். அவள் கறைபட்ட கூடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லூர்துக்கா, உங் கையில ஒண்ணும் இல்ல. தண்ணிதான்."

"எந்தத் தண்ணி?"

"பம்புத் தண்ணி. தோ பாரு, கீழ் வளையத்துல ஜாயிண்டே இல்லாத எடத்துலயும் துரு கீது. கழுவி வெச்சப்ப சொட்டி நின்ன எடம். பம்புல வர்றது உப்புத் தண்ணி. நான் ஆசிட் வெக்கிறதில்ல, அதனால கழுவுறதும் இல்ல. அதான் என்னுதுல துரு புடிக்கல."

அந்தச் சந்தில் நல்ல தண்ணீர் லாரியில் வருவது. குடங்களை வரிசை வைத்துச் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரைக் குடிக்கவும் சோறு பொங்கவும் வைத்துக்கொள்வார்களே தவிர, கம்பியைக் கழுவ யாராவது ஊற்றுவார்களா? ஊற்றினால் வீட்டில் அடிதான் விழும். அதனால் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து, ஆசிட் போக வேண்டும் என்று அக்கறையாக, உப்பில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாய் நிமிர்ந்தார். "அப்போ லாரித் தண்ணில கழுவினா?"

"துரு புடிக்காது பாய்."

"பழையபடி ஈயமே வெக்கலாம்?"

"வெக்கலாம்." அந்தப் புகை மறுபடி தன் மூக்குக்குத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

லூர்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெச்சா உனுக்கு?"

"எனக்கு இழுக்கும். நாளைக்கும் வந்து உங்கிட்ட சண்ட போடுவேன், நாளான்னிக்கும் போடுவேன். அது வேற. அதுக்காக உங் கை மேல இல்லாத பழிய போடுவனா?"

லூர்து மடியில் இருந்த கூட்டைக் கீழே வைத்தாள். எழுந்து போய், சூடேறிக்கொண்டிருந்த சால்டரிங் கம்பியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கிய வயரைக் கையில் சுற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"எனக்கும் இழுக்குதுடி. உனுக்கு முன்னாலேர்ந்தே. சொன்னா, வயசாயிடுச்சி, வூட்ல குந்துனு சொல்லிடுவாங்களோனு பயந்துகினு, வர்ற இருமல எல்லாம் முழுங்கிகினு கீறேன்."

ஃபிர்தௌஸ் தன் பலகையில் நகர்ந்து இடம் விட்டாள். லூர்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

"எங்க தட்டணும், காமி" என்றாள். சொன்ன கையோடு இருமல் வந்தது. இந்தத் தடவை முழுங்காமல், வாயைப் பொத்தாமல், நெஞ்சு குலுங்கக் குலுங்க இருமினாள். ஃபிர்தௌஸ் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.