அவேரோவின் முட்டி

ஆப்பிரிக்கா முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அவேரோவின் முட்டியைப் போல் ஒரு முட்டி கிடைக்காது. நைஜர் ஆற்றுப் பாலத்தின் தூண்களெல்லாம் அந்த முட்டியைப் பார்த்துத்தான் நிற்கக் கற்றுக்கொண்டன. அதன் மேல் இடி விழுந்தால் இடிக்குத்தான் வலிக்கும். எங்கள் எடே ஊரில் பிறக்கும் குழந்தை அம்மா என்று சொல்வதற்கு முன்பே, "அவேரோ அல்ஃபாவுக்கு முட்டி போட மாட்டாள்" என்று சொல்லிவிடும்.

அல்ஃபா என்றால் எங்கள் தெருப் பள்ளிவாசலின் இமாம், முஃபுதாவு. அவேரோ என்றால் சந்தைக்குப் பின்னால் மிளகாயும் பயறும் அரைத்துக் கொடுக்கும் மெஷின்காரி. வயது நாற்பத்து நான்கு. புருஷன் வடக்கே லாரி ஓட்டுகிறான். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக் குழுவின் முன்வரிசையில் நின்று, பின்வரிசைக்காரர்களின் பாட்டையும் சேர்த்து அவளே பாடுவாள்.

அவள் முட்டி போடவே மாட்டாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் பெரியவர்களைப் பார்த்தால் ஆண் தரையில் படுத்து எழ வேண்டும், பெண் முட்டி போட வேண்டும். அவேரோ எல்லோருக்கும் போடுவாள். பாஸ்டருக்குப் போடுவாள். சோழி உருட்டிக் குறி சொல்லும் கிழவர் இஃபாயெமிக்கும் போடுவாள். இரட்டைப் பிள்ளைகள் அதிர்ஷ்டம் என்பதால், மூக்கொழுகும் ஆறு வயது இரட்டையருக்குக்கூட ஒரு முறை போட்டாள். ஆனால் தெருமுனையில் அல்ஃபாவின் வெள்ளை அங்கி தெரிந்தால் போதும். யாருக்கோ பாதி முட்டி போட்டுக்கொண்டிருந்தாலும் விருட்டென்று எழுந்து, இடுப்புத் துணியை உதறிக் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, "காலை வணக்கம், அல்ஃபா!" என்பாள். தெரு முழுவதும் கேட்கும். ஒரு மனிதரை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைய எங்கள் ஊரில் இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

இதைப் பாஸ்டர் ஒலாடோக்குன் தப்பாகப் புரிந்துகொண்டார். ஒரு ஞாயிறு மேடையில் நின்று, வேற்று மதக் குருக்களுக்கு முன்னால் நாம் வளையலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். முடிவில் அவேரோவைச் சுட்டிக்காட்டி, "இதோ நம்ம சகோதரி! இமாமுக்கு முன்னாடி இவங்க முட்டி வளையல! இதுதான் விசுவாசம்!" என்று முழங்கினார். சபை கைதட்டியது.

அவேரோ எழுந்து நின்றாள். "பாஸ்டர், மன்னிக்கணும். இது விசுவாசம் இல்ல."

"பின்னே என்ன, சகோதரி?"

"பகை. அந்த ஆளு ஒழுங்கான ஆளா இருந்தா நான் தாராளமா முட்டி போடுவேன். நான் சாமிக்கா போடுறேன்? வயசுக்குப் போடுறேன்."

பாஸ்டர் அவசரமாக அடுத்த பாட்டை ஆரம்பித்தார்.

பள்ளிவாசல் பக்கத்திலும் இதே கூத்துதான். அங்கே புதிதாகப் படித்துவிட்டு வந்த இளைஞர்கள், "மனுசனுக்கு மனுசன் குனியுறதே தப்பு, அல்ஃபா. அந்தப் பொம்பளை நிக்கிறது சரிதான்" என்றார்கள். ஆக இரண்டு மதமும் சேர்ந்து அவேரோவைப் பாராட்டின. அவளுக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. பழி வாங்குகிறவளைப் பக்தை என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பகையின் கதை இதுதான். அவேரோவுக்குப் பதினான்கு வயதில் அப்பா லாசிசி இறந்துபோனார். அவர் முஸ்லிம், அம்மா கிறிஸ்தவர். எங்கள் ஊரில் பாதி வீடு இப்படித்தான், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் இறப்பதற்கு முந்தின மாதம் லாசிசி, மனைவி பாடுவதைக் கேட்கத் தேவாலயத்தின் அறுப்புத் திருவிழாவுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அது அல்ஃபாவின் காதுக்குப் போய்விட்டது. அம்மா, புருஷனின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் முற்றத்துக்குப் போனாள். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு வர வேண்டும் என்று கேட்டு அல்ஃபாவின் முன் சரளைக்கல் தரையில் முட்டி போட்டாள்.

முட்டி போட்டவளைப் பெரியவர் வாழ்த்தி, எழுந்திரு என்று சொல்ல வேண்டும். சொல்லும் வரை அவள் எழக் கூடாது. அல்ஃபா சொல்லவில்லை. அவளைப் பார்த்தார், திரும்பினார், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யப் போனார். நண்பகல் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்குக்குப் போட்ட முட்டி, சாயங்கால அஸர் பாங்கு வரை அங்கேயே இருந்தது. முன்வரிசைக் கிழவர்கள் ஆறு பேர் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவேரோதான் அம்மாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அப்பாவுக்குப் பக்கத்து ஊர் இமாம் வந்து தொழுதார். அம்மாவின் முட்டியில் கல் அழுத்திய தழும்பு சாகும்வரை இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அவேரோ முடிவு செய்துவிட்டாள். அந்த ஆள் தன் முன்னால் குனிய வேண்டும். ஒரே ஒரு முறை போதும்.

அத்தையின் மெஷினில் கூலிக்கு அரைத்து, விரல் நகம் இரண்டைப் பெல்ட்டுக்குக் கொடுத்து, முப்பத்தைந்தாவது வயதில் சொந்தமாக ஒரு டீசல் மெஷின் போட்டாள். கொட்டகை கட்ட வந்த தச்சனிடம் வாசலின் உயரம் தன் தாடை வரைதான் இருக்க வேண்டும் என்றாள்.

"இடிக்கும், மெஷின்காரம்மா. நுழையுறவன் எல்லாம் மண்டையை உடைச்சுக்குவான்."

"ஒருத்தன் குனியணும். மத்தவங்க மண்டை எனக்குக் கவலையில்ல."

அல்ஃபா அப்போது டெலிபோன் கோபுரம் மாதிரி இருப்பார். அவளுடைய தாடைக்குக் குனிய வேண்டுமென்றால் அவர் பாதியாக மடிய வேண்டும். கூடவே ஒரு சட்டமும் போட்டாள்: அல்ஃபா வீட்டுப் பாத்திரத்தை அல்ஃபாவே கொண்டுவந்தால்தான் அரைப்பேன். அந்த வீட்டுப் பெண்கள் ஒன்பது வருஷம் பாலத்தைத் தாண்டி வேறு மெஷினுக்கு நடந்தார்கள். இந்தப் பக்கம் கொட்டகைக்குள் வந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக நெற்றியைப் புடைத்துக்கொண்டார்கள். பாஸ்டருக்கு நான்கு முறை இடித்தது. இஃபாயெமி கிழவர் மட்டும் வெளியிலேயே நின்று, "உன் வாசல் எனக்காகக் கட்டினது இல்லம்மா, எனக்குத் தெரியும்" என்று சிரிப்பார்.

போன நோன்பு மாதத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. இரண்டு வாரம் கரண்ட் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்க மெஷின் கரண்டில் ஓடுவது. ஊரில் டீசலில் ஓடுவது அவேரோவின் மெஷின் மட்டும். நோன்பு திறக்க அகாரா வடை சுட வேண்டும், அதற்குக் காராமணி அரைத்தாக வேண்டும். பள்ளிவாசல் முன்வரிசைக்கு அகாரா கொடுப்பது பல வருஷமாக அல்ஃபா வீட்டு முறை. அன்றைக்கு லுஹர் முடிந்ததும் மிளகாய் அரைக்க வெளியே வரிசையில் நின்ற இயா மோனி ஓடிவந்து கொட்டகைக்குள் தலையை நீட்டி, நெற்றியை இடித்துக்கொண்டே கத்தினாள்: "அவேரோ! வர்றாரு! பாத்திரம் கையில!"

அவேரோ கையைத் துடைத்தாள். இடுப்புத் துணியை இறுக்கினாள். மெஷினுக்குப் பக்கத்தில் ராணி மாதிரி நின்று வாசலையே பார்த்தாள். முப்பது வருஷக் கோபம் வாசலில் வந்து நிற்கப்போகிறது.

அல்ஃபா வந்தார். உள்ளே நுழைந்தார். தலை இடிக்கவில்லை. குனியவும் இல்லை.

எண்பது வயது அவரை ஏற்கெனவே மடித்து வைத்திருந்தது. வாசல் சட்டத்துக்கும் அவர் தொப்பிக்கும் நடுவில் ஒரு கோழி பறந்து போகலாம். அவேரோ தினமும் நெஞ்சை நிமிர்த்தி நிமிர்த்தி வானத்தைப் பார்த்ததில், எதிரி கூனிப்போனதைக் கவனிக்காமலே விட்டுவிட்டாள்.

"வேலை நல்லா நடக்கட்டும், மகளே" என்று பாத்திரத்தை நீட்டினார் அல்ஃபா.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவேரோவின் முகம் மிளகாய்ச் சாந்து நிறத்துக்குப் போனது. மெஷினை அணைத்தாள். அங்கே கிடந்த ஒரே ஸ்டூலைக் காலால் மூலைக்குத் தள்ளினாள். பிறகு ஊரே வாயைப் பிளக்கும்படி, அல்ஃபாவின் காலடியில் இரண்டு முட்டியையும் தொப்பென்று போட்டாள்.

"என் கடவுளே!" என்றாள் இயா மோனி. "முட்டி போட்டுட்டா!"

அல்ஃபாவுக்கும் ஆச்சரியம். "நீண்ட ஆயுசு கிடைக்கட்டும், மகளே. எழுந்திரு."

அவேரோ எழவில்லை.

"வியாபாரம் பெருகட்டும். எழுந்திரு."

எழவில்லை. பேரப்பிள்ளைகள் பிறக்கட்டும் என்றார். மெஷின் ரிப்பேர் ஆகாமல் இருக்கட்டும் என்றார். டீசல் விலை குறையட்டும் என்றுகூடச் சொன்னார். வாழ்த்தெல்லாம் தீர்ந்துபோயும் முட்டி அங்கேயே இருந்தது. முட்டி போட்டவளை எழுப்பாமல் பெரியவர் திரும்பிப் போனால் ஊர் காறித் துப்பும். அதுவும் பதினைந்து பெண்கள் வரிசையில் நின்று பார்க்கும்போது. நோன்பு வயிறு, தகரக் கூரைச் சூடு, கையில் ஊறிய பயறின் கனம். அல்ஃபா மாட்டிக்கொண்டார்.

"என்னம்மா வேணும் உனக்கு?"

"முப்பது வருஷம் முன்னாடி உங்க முற்றத்துல ஒருத்தி இப்படிப் போட்டா. லுஹர்ல இருந்து அஸர் வரைக்கும். நீங்க எழுந்திருன்னு சொல்லல."

"யாரு?"

"எங்கம்மா. லாசிசி பொண்டாட்டி."

அல்ஃபா கண்ணை இடுக்கினார். "எனக்கு ஞாபகம் இல்லையே, மகளே."

இத்தனை வருஷம் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த பகை, எதிராளியின் வீட்டில் முளைக்கவே இல்லையாம்.

"பரவாயில்ல. ஞாபகம் வர்ற வரைக்கும் நில்லுங்க. எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்ல."

"எங்க மிளகாயை யாருடி அரைக்கிறது?" என்றாள் இயா மோனி.

"வாயை மூடு, இயா மோனி."

நின்றார். பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். வியர்வை தாடி வழியாக இறங்கிப் பயறில் சொட்டியது. ரொம்ப நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "கையில ஒரு தொப்பி வச்சிருந்தா. நீல நூல் போட்ட தொப்பி."

அவேரோ தலையை நிமிர்த்தினாள்.

"எழுந்திருன்னு சொல்லியிருந்தா, அவ கேட்டதுக்குச் சரின்னு அர்த்தம். சரின்னு சொல்ல எனக்கு மனசு வரல. இல்லன்னு அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வாயும் வரல. அதான் ஒளு செய்யப் போயிட்டேன்."

"போயிட்டீங்க இல்ல? இப்பவும் போங்க, பாக்கலாம்."

அல்ஃபா போகவில்லை. பயறுப் பாத்திரத்தைத் தரையில் வைக்கப் பார்த்தார், முதுகு விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, எதிரில் இருந்தவளைத் தாண்டி வேறு யாரையோ பார்ப்பது போலச் சொன்னார்: "எழுந்திரு, இயா அவேரோ."

அவேரோவின் அம்மா என்று அர்த்தம். செத்துப் பதினோரு வருஷம் ஆனவளை ஊர் அப்படித்தான் கூப்பிட்டது.

"கேக்கல" என்றாள் அவேரோ. "சத்தமா சொல்லுங்க. அன்னிக்கு உக்காந்து பாத்த கிழவங்களுக்கும் கேக்கணும்."

"எழுந்திரு, இயா அவேரோ!"

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை அவர் குரல் பள்ளிவாசல் வரைக்கும் போனது. ஆனாலும் அவேரோ அசையவில்லை. அஸர் பாங்கு சொல்லும் வரை, கணக்குத் தவறாமல் அவரை அங்கேயே நிற்க வைத்தாள். பாங்கு ஒலித்த பிறகுதான் எழுந்து பாத்திரத்தை வாங்கினாள். மெஷினில் அதுவரை அரைத்தது மிளகாய். அதைக் கழுவாமலே, அதன் மேலேயே அல்ஃபாவின் பயறைக் கொட்டி அரைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு நோன்பு திறந்த முன்வரிசைக் கிழவர்கள் அகாராவைக் கடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட முற்றத்துப் பானைக்கு ஓடினார்கள். அந்த ஆறு பேரில் மிச்சமிருந்த மூன்று பேரும் அதில் உண்டு. முப்பது வருஷப் பாக்கி ஒரே நாளில் தீர்ந்தது. முற்றும்.

கொட்டகையின் எடுபிடிப் பையனான நான், முற்றும் என்ற சொல் வரை வாசித்துக் காட்டியதும் அவேரோ கையை நீட்டி நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அஸர் வரைக்கும்னு யாருடா சொன்னது? பாங்குக்கு எவ்வளவோ முன்னாடியே எழுந்துட்டேன். அவர் கால் நடுங்குச்சு. டீசல் பீப்பாய் மேல உக்காந்து நீயும்தானே பாத்தே? அதை ஏன் எழுதல?"

நான் நோட்டுக்குக் கையை நீட்டினேன்.

"விழுந்து செத்துத் தொலைஞ்சா அடுத்த நோன்புக்கு நான் யாரை நிக்க வைக்கிறது? அது போகட்டும். மெஷினை நான் மூணு தடவை கழுவினேன். பயறைக் கொட்டிட்டு டீசல் ஊத்தத் திரும்பினேன். அந்த நேரத்துல மெஷின் வாயில ஒரு பிடி மிளகாயைப் போட்டது யாரு?"

நீட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"அதானே பார்த்தேன். எனக்காகவாடா போட்டே?" என்றாள். குரல் ஒரு வினாடி கனிந்து, உடனே பழையபடி ஆனது. "போடு முட்டியை. ரெண்டு கையையும் மேல தூக்கு. எழுந்திருன்னு நான் சொல்ற வரைக்கும்."